கடை ஸ்பீக்கரா, சொந்தமாகச் செய்த பாக்ஸா?

ஹாலுக்கு ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்கலாம் என்று வாயைத் திறந்தால் போதும், இரண்டு விதமான யோசனை வரும். "கெஃப், எலாக், வார்ஃபடேல் என்று நல்ல கம்பெனியாகப் பார்த்து வாங்கிப் போடுங்க, நிம்மதி" என்பார் ஒருவர். "பேருக்குத்தான் பாதிக் காசு. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வூஃபரும் ட்வீட்டரும் வாங்கி, கார்பெண்டரிடம் பாக்ஸ் அடித்துக்கொண்டால் மூன்றில் ஒரு பங்கில் முடிந்துவிடும்" என்பார் இன்னொருவர். இருவர் சொல்வதிலும் உண்மை உண்டு. ஆனால் சொந்தமாகச் செய்வதிலேயே மூன்று வகை இருக்கிறது. அவற்றைப் பிரிக்காமல் ஒப்பிட்டால் விடை தப்பாகத்தான் வரும்.

முதல் வகை, நம் ஊரில் அதிகம் நடப்பது. அளவையும் வாட்ஸையும் பார்த்து டிரைவர் (ஒலி எழுப்பும் வூஃபரும் ட்வீட்டரும்) வாங்குவது, கண்மதிப்பில் பாக்ஸ் அடிப்பது, கடையில் ரெடிமேடாகத் தொங்கும் கிராஸ்ஓவர் போர்டை (கீழ் அலைவரிசையை வூஃபருக்கும் மேல் அலைவரிசையை ட்வீட்டருக்கும் பிரித்துக் கொடுக்கும் சர்க்யூட்) உள்ளே வைப்பது. இரண்டாவது, அனுபவமுள்ள ஒருவர் அளந்து, சோதித்து, முழு வரைபடத்தோடு வெளியிட்ட டிசைனை அப்படியே செய்வது. மூன்றாவது, மைக் வைத்து அளந்து எல்லாவற்றையும் தானே வடிவமைப்பது. கம்பெனி ஸ்பீக்கரோடு போட்டி போடக்கூடியவை பின்னால் சொன்ன இரண்டும்தான். முதல் வகை, விலை எவ்வளவு குறைந்தாலும், பாட்டு கேட்பதற்கு நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன்.

காரணம் டிரைவரில் இல்லை, கிராஸ்ஓவரில் இருக்கிறது. இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம், ஏனென்றால் மொத்த ஒப்பீடும் இங்கேதான் முடிவாகிறது.

ரெடிமேட் போர்டு, எதிரில் எப்போதும் மாறாத 8 ஓம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு செய்யப்பட்டது. உண்மையான வூஃபர் அப்படி நடப்பதில்லை. பின்னால் 8 ஓம் என்று அச்சடித்திருந்தாலும், அது தானாகவே அதிகம் அதிரும் ஒத்ததிர்வு அலைவரிசையில் இம்பீடன்ஸ், அதாவது மின்சாரத்துக்கு அது காட்டும் தடை, பல மடங்கு எகிறும். அப்புறம் இறங்கி, மேல் அலைவரிசைகளில் வாய்ஸ் காயில் என்ற உள் கம்பிச்சுருளின் தூண்டலால் மறுபடி ஏறும். அதனால் 3,000 ஹெர்ட்ஸில் பிரிக்கிறது என்று சொல்லி விற்ற போர்டு, உங்கள் டிரைவரோடு சேரும்போது எங்கே பிரிக்கும் என்பது அளந்து பார்க்காமல் யாருக்கும் தெரியாது.

அந்தப் போர்டுகூட இல்லாத செட்டுகள் நிறைய உண்டு. வூஃபரை நேரடியாக ஆம்ப்ளிஃபயரில் கொடுத்துவிட்டு, ட்வீட்டரோடு ஒரே ஒரு கெபாசிட்டரை மட்டும் மாட்டியிருப்பார்கள். 8 ஓம் ட்வீட்டருக்கு 4.7 மைக்ரோஃபாரட் போட்டால் அது சுமார் 4,200 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் முழுதாக வேலை செய்யும், 2.2 போட்டால் சுமார் 9,000. அதுவரை பாடுவது 8 அங்குல வூஃபர். அதன் கோன் (அதிரும் கூம்பு) அகலம் ஏறக்குறைய 16 சென்டிமீட்டர். ஒலியின் வேகம் வினாடிக்கு 343 மீட்டர் என்பதால், சுமார் 2,000 ஹெர்ட்ஸிலேயே அலைநீளம் கோனின் அகலத்துக்கு இறங்கிவிடும். அதற்கு மேல் சத்தம் முன்பக்கம் குவிந்து போகும், பக்கவாட்டில் பரவாது. நேர் எதிரில் இருப்பவருக்குப் பாடகியின் குரல் கூர்மையாகக் குத்தும். சோஃபா ஓரத்தில் இருப்பவருக்கு அதே குரல் மூடிக்கொண்ட மாதிரி கேட்கும். 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரைதான் நம் காது மிகவும் நுட்பமாக இருக்கும் இடம். அந்த இடத்திலேயே கோளாறு என்றால், பேஸ் எவ்வளவு அதிர்ந்தாலும் பயனில்லை.

இன்னொரு விஷயம் பலரும் கவனிக்காதது. பெட்டியின் முகப்பு 20 சென்டிமீட்டர் அகலம் என்றால், கீழ் அலைவரிசைச் சத்தம் பெட்டியைச் சுற்றிப் பின்னாலும் போய்விடும். மேல் அலைவரிசை முன்னால் மட்டும் வரும். சில நூறு ஹெர்ட்ஸ் பகுதியில் இந்த மாற்றம் நடக்கிறது, வித்தியாசம் 6 டெசிபல் வரை போகலாம். ஒழுங்கான கிராஸ்ஓவர் இதையும் ஈடுகட்டும். ரெடிமேட் போர்டுக்கு உங்கள் பெட்டியின் அகலம் எப்படித் தெரியும்? குரல் மெலிந்து, ட்வீட்டர் மட்டும் துருத்திக்கொண்டு நிற்பதற்கு இதுவே காரணம். அதைச் சரிக்கட்ட ஆம்ப்ளிஃபயரில் பேஸைத் திருப்பினால், மிருதங்கத்தின் தொப்பி மட்டும் ஊதிப் பெரிதாகும், வலந்தலையின் நாதம் திரும்பி வராது.

கம்பெனி ஸ்பீக்கர் விலையில் பெயருக்கும் விளம்பரத்துக்கும் டீலர் கமிஷனுக்கும் போகும் பங்கு நிஜம்தான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதே விலையில் மேலே சொன்ன வேலையும் அடங்கியிருக்கிறது. எதிரொலி இல்லாத அறையில் எல்லாக் கோணத்திலும் அளப்பது, கிராஸ்ஓவரைத் திருத்துவது, மறுபடி அளப்பது. கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் ஃப்ளாய்ட் டூல் செய்த ஆய்வுகள் காட்டியதும் இதுதான்: கண்ணை மறைத்துக் கேட்கும்போது பெரும்பாலோர் விரும்புவது, நேர் எதிரில் எல்லா அலைவரிசையிலும் சமமாகவும் பக்கவாட்டில் சீராகக் குறைந்துகொண்டும் ஒலிக்கும் ஸ்பீக்கரை.

இந்த உழைப்பு விலை உயர்ந்த மாடல்களோடு நின்றுவிடுவதில்லை. ஆண்ட்ரூ ஜோன்ஸ் என்ற வடிவமைப்பாளர் டிஏடி நிறுவனத்துக்காகப் பல பத்தாயிரம் டாலர் விலையில் ஸ்பீக்கர் செய்தவர். அவரே எலாக் நிறுவனத்துக்காக 2015-இல் டெபியூட் பி5 என்ற சிறிய ஜோடியை வடிவமைத்தார். அமெரிக்காவில் அதன் அறிமுக விலை 230 டாலர். அதற்கென்றே தனியாக வடிவமைத்த வூஃபர், ட்வீட்டர். ஆயிரக்கணக்கில் தயாரிக்கும்போது மட்டும் கட்டுப்படியாகிற சங்கதி இது. நாம் ஜோடிக்கு நாலே நாலு டிரைவரைச் சில்லறையில் வாங்கி, கெபாசிட்டர், காயில், டெர்மினல், பிளைவுட், மைக்கா, கூலி எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டால், அலமாரியில் அடங்கும் சின்ன புக்ஷெல்ஃப் ஸ்பீக்கரில் மிச்சம் ஒன்றும் நிற்காது. இந்த அளவில் கடை ஸ்பீக்கருக்கே என் ஓட்டு, தயக்கம் இல்லாமல்.

சரி, இரண்டாவது வகை. டென்மார்க்கின் ஸ்பீக்கர் வடிவமைப்பாளர் ட்ரோல்ஸ் கிரேவ்சன், 2018-இல் காலமான ஜெர்மானிய-அமெரிக்கப் பொறியாளர் சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸ் போன்றவர்கள் வெளியிட்ட டிசைன்கள் வெறும் பொழுதுபோக்கு அல்ல. லிங்க்விட்ஸும் அவருடைய சக பொறியாளர் ரைலியும் 1970களில் வகுத்த கிராஸ்ஓவர் முறையை இன்று பெரிய கம்பெனிகளும் பயன்படுத்துகின்றன. அமெரிக்காவின் பார்ட்ஸ் எக்ஸ்பிரஸ் கடை, வெட்டிய பலகையோடு கிட்டாகவே விற்கிறது. ஆனால் காந்தமும் பலகையும் கனம். கப்பல் கூலியும் சுங்க வரியும் சேர்ந்தால் முழு கிட் இந்தியாவுக்குக் கட்டாது. டிரைவரையும் கிராஸ்ஓவர் பாகங்களையும் மட்டும் வரவழைத்து, பெட்டியை இங்கேயே செய்வதுதான் வழி.

இங்கே ஒரு நிபந்தனை. வரைபடத்தில் எந்த டிரைவர் போட்டிருக்கிறதோ அதையே போட வேண்டும். "அதுவும் ஆறரை அங்குலம், இதுவும் ஆறரை அங்குலம்தானே" என்று கடைக்காரர் வேறொன்றை நீட்டினால் வாங்காதீர்கள். மாற்றிய நொடியில் அந்த டிசைனரின் அளவீடு முழுவதும் வீணாகி, நீங்கள் முதல் வகைக்கே திரும்பிவிடுவீர்கள். முகப்பின் அகலம், ட்வீட்டர் இருக்கும் உயரம், பெட்டியின் உள் கொள்ளளவு, போர்ட் குழாயின் (பேஸுக்காகப் பெட்டியில் விடும் திறந்த குழாய்) நீளம் எல்லாவற்றுக்கும் இதே கண்டிப்புதான்.

இதைக் கடைப்பிடித்தால், ஆளுயரத்தில் பாதி நிற்கும் மூன்று-வழி (சத்தத்தை மூன்று வகை டிரைவருக்குப் பிரிக்கும்) டவர் ஸ்பீக்கரில் சொந்த வேலை கம்பெனியை முந்தும். பெரிய பெட்டியைக் கண்டம் விட்டுக் கண்டம் அனுப்பும் செலவும் கடை இடத்தின் வாடகையும் நம் கணக்கில் இல்லை. அந்தக் காசை ஸ்கான்ஸ்பீக், எஸ்பி அகூஸ்டிக்ஸ் மாதிரி நல்ல டிரைவர்களில் போடலாம். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: டிரைவர் முகப்போடு சமமாக உட்கார ரௌட்டர் மெஷினில் வட்டம் குடையத் தெரிந்த கார்பெண்டர் கிடைப்பது அவ்வளவு எளிதல்ல. வேலையைக் கொடுப்பதற்கு முன் ஒரு துண்டுப் பலகையில் குடையச் சொல்லிப் பாருங்கள்.

பலகை விஷயத்தில் நம் ஊருக்கென்று ஒரு சேதி. வெளிநாட்டு வரைபடங்கள் எல்லாம் எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) என்றே சொல்லும். குடைய மிருது, உள்ளே ஓட்டை இருக்காது, நல்ல பலகைதான். ஆனால் சென்னை, நாகை போன்ற கடலோர ஈரத்தில் முனை மூடாத எம்டிஎஃப் உப்பிப்போகும். ஐஎஸ் 710 தரமுள்ள 18 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட் இங்கே பொருத்தம். உள்ளே குறுக்குக் கட்டை கொடுத்தால் போதும். கடை ஸ்பீக்கர்களும் பெரும்பாலும் எம்டிஎஃப்தான், ஈரச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள்.

பழுதுபார்ப்பில் சொந்த பாக்ஸ் தெளிவாக முன்னே நிற்கிறது. டிரைவரைச் சுற்றியுள்ள ஃபோம் வளையம் நம் வெயிலிலும் ஈரத்திலும் சில வருஷங்களில் பொடிந்துவிடும். ரப்பர் வளையம் நெடுநாள் தாங்கும். சொந்தமாகச் செய்தவர் டிரைவரின் மாடல் எண் தெரிந்தவர், அதையே வாங்கி மாட்டிவிடுவார். கெஃப் 1988 முதல் செய்துவரும் யூனி-க்யூ மாதிரி, வூஃபரின் நடுவிலேயே ட்வீட்டர் இருக்கும் டிரைவர் பழுதானால் கம்பெனியைத் தவிர வேறு வழி கிடையாது. அதனால் கம்பெனி ஸ்பீக்கர் வாங்குபவர் இந்திய விநியோகஸ்தரின் வாரண்டி உண்டா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். மறுவிற்பனையில் நிலைமை தலைகீழ்: கடை ஸ்பீக்கருக்கு ஐந்து வருஷம் கழித்தும் விலை கிடைக்கும், சொந்த பாக்ஸுக்கு உள்ளே இருக்கும் டிரைவரின் விலை மட்டும்தான்.

மூன்றாவது வகைக்குப் போக ஆசைப்படுபவருக்கு இன்று கருவிகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. மினிடிஎஸ்பி நிறுவனத்தின் யூமிக்-1 என்ற அளவீட்டு மைக், ஒலியை அளக்கும் ஆர்ஈடபிள்யூ, கிராஸ்ஓவரை வடிவமைக்கும் விட்யூக்ஸ்கேட் என்ற இலவச மென்பொருள்கள். 1961-இல் ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் தொடங்கி ரிச்சர்ட் ஸ்மால் முழுமையாக்கிய கணக்குகளால், டிரைவரின் சில எண்களை வைத்தே பெட்டியின் அளவைத் தீர்மானிக்கலாம். அந்த எண்கள் இல்லாமல் விற்கும் டிரைவரை, எத்தனை வாட்ஸ் என்று எழுதியிருந்தாலும், தொடாதீர்கள். காசு மிச்சமாகும் என்று இதில் இறங்கவும் வேண்டாம். மைக்கையும் தோற்றுப்போகும் முதல் சில கிராஸ்ஓவர்களையும் கணக்கில் சேர்த்தால் கடை ஸ்பீக்கரே மலிவு. கற்றுக்கொள்ளும் ஆசைதான் இதற்குச் சரியான காரணம்.

தன் கையால் செய்தது இனிமையாகத்தான் கேட்கும். காசு அதிகம் கொடுத்து வாங்கியதும் அப்படித்தான். டூலும் அவருடைய சக ஆய்வாளர் ஷான் ஆலிவும் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், அதே ஆட்கள் அதே ஸ்பீக்கர்களைப் பார்த்துக்கொண்டு கேட்டபோதும் திரை மறைவில் கேட்டபோதும் கொடுத்த மதிப்பெண் மாறியது. ஆகவே நண்பர் வீட்டில் ஒப்பிடும்போது மெல்லிய துணியால் இரண்டையும் மறைத்து, சத்தத்தின் அளவைச் சமமாக்கி, தெரிந்த ஒரு பெண் குரலைப் போட்டுக் கேளுங்கள். 'ச', 'ஸ' வரும் இடங்களையும் தம்புராவின் இழையையும் கவனித்தால் போதும்.

ஆழமான பேஸுக்கு மட்டுமான சப்வூஃபர் தனிக் கதை. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வேலை என்பதால், மேலே சொன்ன கிராஸ்ஓவர் தொல்லை எதுவும் கிடையாது. பிரிக்கும் வேலையை ஹோம் தியேட்டர் ஆம்ப்ளிஃபயரான ஏவி ரிசீவரே பார்த்துக்கொள்ளும். ஹாஃப்மன் விதி என்று ஒன்று சொல்வார்கள்: சிறிய பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த பவரில் அதிகச் சத்தம் மூன்றில் இரண்டுதான் கிடைக்கும். கம்பெனிகள் வீட்டில் இடம் அடைக்கக் கூடாது என்று பெட்டியைச் சிறிதாக்குகின்றன. பெட்டி பெரிதானாலும் பரவாயில்லை என்பவருக்கு, தீல்-ஸ்மால் எண்கள் தெரிந்த 12 அங்குல டிரைவர், முழுக்க மூடிய பிளைவுட் பெட்டி, பெட்டியிலேயே பொருத்தும் ஒரு பிளேட் ஆம்ப்ளிஃபயர் போதும். அதே காசுக்குக் கடை சப்வூஃபரால் இதை எட்ட முடியாது.

அளவான பட்ஜெட்டில் முதல் தடவை வாங்குபவர் கேட்டால் நான் சொல்வது: முன்னால் இரண்டு கடை புக்ஷெல்ஃப், கூட சொந்தமாகச் செய்த ஒரு சப்வூஃபர். டவர் ஆசை இருந்தால் அதை அடுத்த வருஷத்துக்கு வைத்துக்கொண்டு, அதற்குள் நல்ல ரௌட்டர் கார்பெண்டரைத் தேடி வைக்கலாம்.