கவரேஜ் ஓரத்தில் 120 செ.மீ. டிஷ்: நான்கு வருட அனுபவமும் ஒரு பிளாஸ்டிக் பிடியும்

போன வாரம் டிஷ்ஷுக்கு முன்னால் நின்று சிக்னலை வாங்கிப் பெருக்கும் எல்என்பியைத் தாங்கும் பிளாஸ்டிக் பிடி மூன்றாவது முறையாக விரிசல் விட்டது. அதை மாற்றிவிட்டுக் கீழே இறங்கி வந்து பார்த்தால் நண்பரிடமிருந்து செய்தி: "எங்கள் இடம் செயற்கைக்கோளின் கவரேஜ் வரைபடத்துக்கு வெளியே இருக்கிறது. 60 செ.மீ. டிஷ்ஷில் எதுவும் நிற்கவில்லை. உங்களைப் போல 120 போட்டால் சரியாகிவிடுமா?" இதற்கு ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் டிஷ்ஷுக்கு உரிய பாராட்டைச் சொல்லிவிட வேண்டும். விட்டம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்கு, அதாவது 6 டெசிபல் லாபம். என் பழைய 60 செ.மீ. டிஷ்ஷில் ரிசீவர் காட்டிய குவாலிட்டி, அதாவது இரைச்சலைவிடச் சிக்னல் எவ்வளவு மேலே நிற்கிறது என்பது, 3 டெசிபல். நான் பார்க்க விரும்பிய சேனல்கள் 8பிஎஸ்கே 3/4 என்ற சிக்னல் முறையில் வருபவை. அவற்றுக்குக் கிட்டத்தட்ட 8 டெசிபலாவது வேண்டும். 120-ஐ ஏற்றித் திருப்பிய அன்று 9-ஐத் தொட்டது. கணக்கு சொன்னது எதுவோ அதுவே கிடைத்தது. பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் ஒரு செயற்கைக்கோளிலிருந்து, நம் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காத ஒரு பீமின் (செயற்கைக்கோள் ஒரு பகுதியை நோக்கி அனுப்பும் கற்றை) ஓரத்தை இந்தத் தகடு பிடித்துக் கொடுத்தது. நான்கு வருடமாகியும் வளையவில்லை, துருப்பிடிக்கவில்லை. வருடத்துக்கு ஒரு முறை விளிம்பிலிருந்து விளிம்புக்குக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு நூல் கட்டிப் பார்க்கிறேன். நடுவில் இரண்டும் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். இடைவெளி விழுந்தாலோ ஒன்றை ஒன்று அழுத்தினாலோ டிஷ் முறுக்கிக்கொண்டது என்று அர்த்தம். இன்றுவரை இம்மி பிசகவில்லை.

ஆனால் என் கையிருப்பைப் பாருங்கள். தேவை 8, கிடைப்பது 9. மிச்சம் ஒரே ஒரு டெசிபல். டிஜிட்டல் சிக்னலில் பழைய டிவி போலப் புள்ளி புள்ளியாக மங்கும் பேச்சே கிடையாது. 8-க்கு மேலே படம் கண்ணாடி மாதிரி இருக்கும். கொஞ்சம் கீழே போனால் கட்டம் கட்டமாக உடையும், இன்னும் கொஞ்சம் இறங்கினால் கறுப்புத் திரைதான். கவரேஜுக்கு நடுவில் இருப்பவர்களுக்கு ஐந்தாறு டெசிபல் சும்மா கிடக்கும், அவர்கள் டிஷ்ஷை அரைகுறையாகத் திருப்பினாலும் ஓடிவிடும். நமக்கு அந்த வசதி இல்லை.

நண்பர் முதலில் வாங்க நினைத்தது கேபிளில் போடும் ஆம்ப்ளிஃபயர். நானும் வாங்கினேன், அதனால் சொல்கிறேன்: வேண்டாம். போட்டவுடன், வந்து சேரும் மொத்த அளவைக் காட்டும் ஸ்ட்ரெங்த் பட்டை 60-லிருந்து 90-க்குத் தாவியது. குவாலிட்டி இருந்த இடத்திலேயே இருந்தது. அது சிக்னலோடு சேர்த்து இரைச்சலையும் அதே அளவுக்குப் பெருக்குகிறது, அவ்வளவுதான். எல்என்பி ஏற்கெனவே 50 டெசிபலுக்கு மேல் பெருக்கித்தான் கீழே அனுப்புகிறது. முப்பது மீட்டர் ஆர்ஜி6 கேபிளில் போகும் எட்டு ஒன்பது டெசிபல் இதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஓரத்தில் இருப்பவருக்கு வெற்றியும் தோல்வியும் எல்என்பியின் வாய்க்கு முன்னாலேயே தீர்மானமாகிவிடுகிறது. ஸ்ட்ரெங்த் பட்டையைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற பழக்கத்தை விட்டாலே பாதிச் செலவு மிச்சம்.

கேபிளில் கவனிக்க வேண்டியது அதன் இரண்டு நுனிகளை. எஃப் கனெக்டருக்குள் தண்ணீர் இறங்கினால் நடுக்கம்பி பச்சை பிடித்துவிடும். அப்போது ஹாரிசான்டல் (கிடையாக அதிரும் அலை) சேனலுக்காக ரிசீவர் அனுப்பும் 18 வோல்ட் மேலே போய்ச் சேரும்போது குறைந்துவிடும், எல்என்பி அதை வெர்ட்டிகலுக்கு (செங்குத்தாக அதிரும் அலை) உரிய 13 என்று எடுத்துக்கொள்ளும். உடனே ஹாரிசான்டல் சேனல் அத்தனையும் காணாமல் போய் வெர்ட்டிகல் மட்டும் ஓடும். பாதிச் சேனல் மட்டும் போனால் டிஷ்ஷைத் தொடாதீர்கள், முதலில் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள்.

இனி அந்தப் பிடி.

எல்என்பியின் கழுத்து 40 மில்லிமீட்டர். அதைச் சுற்றி இரண்டு அரைவட்டப் பிளாஸ்டிக் துண்டுகள், இரண்டு திருகுகள். இவ்வளவுதான் பிடி. செயற்கைக்கோள் நமக்கு நேர் வடக்கிலோ தெற்கிலோ இல்லாமல் கிழக்கு மேற்காகத் தள்ளி இருந்தால், அதன் போலரைசேஷன், அதாவது அலை அதிரும் திசை, நம் இடத்தில் சாய்ந்து வந்து சேரும். அதற்கு ஏற்ப எல்என்பியைச் சில பாகை திருப்பி வைக்க வேண்டும்; அதைத்தான் ஸ்க்யூ என்கிறோம். நான் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து, அரை அரைப் பாகையாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் குவாலிட்டியைப் பார்த்துப் பார்த்து அந்தக் கோணத்தைக் கண்டுபிடித்தேன். பிறகு எல்என்பியை முன்னும் பின்னும் நகர்த்தி, 5 மில்லிமீட்டர் உள்ளே தள்ளியதில் இன்னொரு 0.3 டெசிபல் வந்தது. காசு செலவில்லாமல் வந்த டெசிபல் என்பதால் அன்றைய சந்தோஷம் பெரிது.

நாலு மாதம் கழித்து, நல்ல வெயில் நாளில் படம் உடைய ஆரம்பித்தது. டிஷ் நகர்ந்திருக்கும் என்று நினைத்து நட்டையெல்லாம் தளர்த்தித் திருப்பி ஒரு நாளை வீணடித்தேன். டிஷ் நகரவே இல்லை. கேபிளின் கனமும் காற்றும் சேர்ந்து எல்என்பியைப் பிடிக்குள்ளேயே மெல்லச் சுழற்றியிருந்தன. அதற்குப் பிறகு எல்என்பி கழுத்திலும் பிடியிலும் சேர்த்து வெள்ளைப் பெயிண்ட்டில் ஒரே கோடாக இழுத்து வைத்தேன். அடுத்த முறை படம் உடைந்தபோது ஏறிப் பார்த்தால் கோடு ஒன்றுக்கொன்று விலகி நின்றது. அளந்தேன்: மூன்றரை மில்லிமீட்டர். 40 மில்லிமீட்டர் கழுத்தில் மூன்றரை மில்லிமீட்டர் என்றால் 10 பாகை.

10 பாகை சுழன்றால் நம் சிக்னலில் போவது வெறும் 0.13 டெசிபல்தான். பிரச்சினை அதுவல்ல. எதிர்ப் போலரைசேஷனில் அதே அலைவரிசையில் ஓடும் வேறு டிரான்ஸ்பாண்டரின் (செயற்கைக்கோளில் உள்ள ஒளிபரப்பி) சிக்னல் உள்ளே எட்டிப்பார்க்கிறது. இரண்டும் ஒரே பலம் என்றால் நம் சிக்னலுக்கு 15 டெசிபல் கீழே அது இரைச்சலாக உட்கார்ந்துகொள்ளும். ஏற்கெனவே இருக்கும் 9-உடன் இதைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் மிஞ்சுவது கிட்டத்தட்ட 8. அதாவது என்னிடம் இருந்த மொத்தக் கையிருப்பும் மூன்றரை மில்லிமீட்டரில் போய்விட்டது!

இறுக்கினால் என்ன என்று கேட்பீர்கள். இறுக்கினேன், விரிசல் விட்டது. வெயிலில் வெளுத்துப்போன பிளாஸ்டிக் அதற்கு மேல் தாங்காது. இரண்டாவது பிடியும் அதே கதை. மேலே உலோகக் குழாய்ப் பட்டை போட்டு முறுக்கினேன், மூன்றாவது நசுங்கி உடைந்தது. ஒன்றேகால் மீட்டர் உயரத் தகட்டை இவ்வளவு துல்லியமாக வார்க்கத் தெரிந்த நிறுவனத்துக்கு, எல்என்பியைத் தாங்க டிஷ்ஷிலிருந்து நீளும் கையில் ஒரு நல்ல பிடியைப் பொருத்த மனமில்லை. இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. இப்போது அலுமினியத்தில் கடைந்து வாங்கிப் போட்டிருக்கிறேன். கேபிள் தொங்கி இழுக்காதபடி அந்தக் கையோடு சேர்த்துக் கட்டி, கனெக்டருக்குக் கீழே ஒரு வளைவு விட்டிருக்கிறேன். மழைத்தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

மழையைப் பற்றியும் நண்பர் கேட்டிருந்தார். நம் டிஷ் பிடிக்கும் கே.யு. பேண்ட் அலைவரிசையில் கனமழை சிக்னலை விழுங்குவதோடு, தானும் இரைச்சலைச் சேர்க்கும். ஒரு டெசிபல் கையிருப்பில் கனமழையைத் தாண்ட முடியாது. 180 செ.மீ. போட்டால் இன்னும் மூன்றரை டெசிபல் கிடைக்கும், ஆனால் டிஷ் பார்க்கும் கற்றை சுமார் ஒரு பாகைக்குச் சுருங்கிவிடும். கம்பம் காற்றில் லேசாக ஆடினாலே உணர முடியும்.

இன்னொன்றையும் அவர் யோசிக்க வேண்டும். பரந்த பீமின் ஓரம் மெல்லத்தான் தேயும், அதைப் பெரிய டிஷ்ஷால் துரத்திப் பிடிக்கலாம். குறுகிய ஸ்பாட் பீமின் ஓரம் சட்டென்று சரிந்துவிடும். 2014-இல் பிரிட்டிஷ் சேனல்கள் ஆஸ்ட்ரா 2இ என்ற செயற்கைக்கோளின் குறுகிய பீமுக்கு மாறியபோது ஸ்பெயினில் பல வருடம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பலருக்கு அவை நின்றுபோயின. டிஷ் அதேதான், மேலே பீம் மாறிவிட்டது. வாங்கும் முன் எந்தச் சேனல் எந்த பீமில் வருகிறது என்று பார்த்தே ஆக வேண்டும்.

சரி, 120 வாங்கலாமா? வேண்டாம் என்றுதான் நண்பருக்கு எழுதினேன். அந்தப் பிடியோடு விற்கும்வரை யாருக்கும் அந்த மாடலைச் சொல்ல எனக்கு மனமில்லை. அப்படியானால் உங்களுடையதைக் கொடுத்துவிடுங்கள் என்றார். அதற்கும் முடியாது என்று சொன்னேன். இன்று காலையில் ஏறிப் பார்த்தேன், வெள்ளைக் கோடு நேராக இருக்கிறது. குவாலிட்டி 9.1.