வீட்டுக்குள் இடம் எடுத்துத் தருகிறோம் என்று வருபவர்களிடம் கவனம் (திருமலை ஆட்களுக்கு)

திருகோணமலையில் பழைய ஓட்டு வீடு வைத்திருப்பவர்கள், அதிலும் வயதான அம்மா அப்பாவுக்காக வீட்டைக் கொஞ்சம் மாற்றிக் கட்ட யோசிப்பவர்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள். சுவரை எடுத்தால் வீடு இரண்டு மடங்கு பெரிசாகிவிடும் என்று சொல்லி, போனில் கலர் கலராகப் படம் காட்டி வேலை பிடிக்கிற ஒருவரிடம் நாங்கள் காசையும் கொடுத்துவிட்டு, இப்போது கூரைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு இருக்கிறோம். இதே ஆள் சாம்பல்தீவுப் பக்கமும் பாலையூற்றிலும் வேலை பேசித் திரிவதாகக் கேள்விப்பட்டதால்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீடு உவர்மலையில். அப்பா கையில் காசு வரும்போதெல்லாம் ஒவ்வொரு துண்டாகக் கட்டிய வீடு, இந்த ஊரில் பாதி வீடுகள் அப்படித்தான். முன்னுக்கு விறாந்தை, பிறகு ஹோல், அதற்குப் பின்னால் ஒரு அறை, அந்த அறைக்குள்ளால் போனால்தான் குசினி. யாராவது படுத்திருந்தால் ஒரு தேத்தண்ணி போடக்கூட அவர்களைத் தாண்டித்தான் போக வேண்டும். அறைக்கும் குசினிக்கும் பக்கத்தில் ஏழடி நீளம், மூன்றரை அடி அகலத்தில் ஒரு இருட்டுச் சந்து, தேங்காயும் பழைய சாக்கும் போடுவதைத் தவிர ஒன்றுக்கும் உதவாது. கக்கூஸ் வெளியே, கிணற்றடியையும் தாண்டி. அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். கார்த்திகை, மார்கழி மழையில் நடுச்சாமத்தில் குடையும் டோர்ச்சுமாக அந்தச் சேற்றுக்குள் அம்மாவைக் கூட்டிப்போய் வந்தவர்களுக்குத்தான் எங்கள் அவசரம் விளங்கும்.

அந்த ஆள் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு சொன்ன திட்டம் காதுக்கு நன்றாகத்தான் இருந்தது. ஹோலுக்கும் அறைக்கும் நடுவில் உள்ள சுவரை முழுக்க எடுப்பது, அறையைச் சுருக்கி ஒரு பார்ட்டிஷன் போட்டு ஹோலிலிருந்து நேரே குசினிக்கு வழி விடுவது, அந்த இருட்டுச் சந்தைப் பாத்ரூம் ஆக்குவது, குசினியில் சுவர் நீளத்துக்கு பான்ட்ரி கபேட். இப்படியான வீட்டுக்குத் தேவையானதும் அதுதான். யோசனை பிழையில்லை, அதைச் செய்த விதம்தான் பிழை.

அந்த நடுச் சுவர் 9 அங்குலச் செங்கல் சுவர். நாலு அங்குலக் கல்லில் கட்டிய தடுப்புச் சுவர் என்றால் பெரும்பாலும் எடுக்கலாம், அது அறையைப் பிரிப்பதற்காக மட்டும் நிற்பது. ஆனால் பழைய ஓட்டு வீட்டில் நடுவில் 9 அங்குலச் சுவர் நின்றால் அதன் மேல் அநேகமாக ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். எங்கள் வீட்டில் கூரையின் தீராந்தி (குறுக்கே போகிற பெரிய உத்திரம்) இரண்டும் அந்தச் சுவரில்தான் இருந்தன, அந்த தீராந்திகளின் மேல்தான் முகட்டு வளையின் பாரம் இறங்குகிறது. இந்த மனிதர் ஏணி வைத்து ஒரு தடவை கூட மேலே ஏறிப் பார்க்கவில்லை. "சுவர் எடுத்தா கூரைக்கு ஒண்டும் ஆகாதா தம்பி?" என்று நான் கேட்டபோது "யோசிக்காதீங்க அக்கா, பீம் ஒண்டு போட்டா சரி, எத்தனை வீடு செய்திருக்கிறன்" என்றார். அந்த "எத்தனை வீடு" எங்கே என்று கேட்டால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு ஊர்.

பீம் போட்டார்கள். மண் எங்கேயிருந்து வந்தது என்று தெரியாது, ஆனால் மகாவலி மண் என்று காசு வாங்கினார். இப்போது பூச்சை நகத்தால் சுரண்டினால் சின்னச் சின்னச் சிப்பித் துண்டு கையோடு வருகிறது. கழுவாத கடல் மண்ணில் உப்பு இருக்கும், உப்பு உள்ளே போனால் கம்பி துருப்பிடிக்கும், துருப்பிடித்த கம்பி பருத்துக் கொங்கிறீட்டை வெடிக்க வைக்கும். ஏற்கனவே கடற்காற்று அடிக்கிற ஊரில் இது எவ்வளவு கெதியாக நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அதைவிட மோசம், பீமுக்குக் கீழே தாங்க வைத்த முட்டுக்களை ஒரு கிழமை கூட விடாமல் அடுத்த வீட்டு வேலைக்கென்று கழற்றிக்கொண்டு போனார்கள். கொங்கிறீட் முழுப் பலத்துக்கு வர 28 நாள் கணக்கு, பீமின் அடி முட்டுக்கு இரண்டு கிழமையாவது வேண்டும் என்பது எந்த மேசனுக்கும் தெரிந்த விஷயம்.

முதலில் அறைக் கதவு பூட்ட முடியாமல் நிலையில் உரசத் தொடங்கியது. பிறகு பீம் முடிகிற இடத்திலிருந்து பூச்சில் சாய்வாக ஒரு வெடிப்பு. ஆரம்பத்தில் மயிர் அளவு, இப்போது ஐந்து ரூபாய்க் குத்தியை நிமிர்த்தி வைத்தால் உள்ளே போகிறது. மேலே முகட்டு ஓடுகள் வாய் திறந்து வெளிச்சம் தெரிகிறது. கடைசியில் பக்கத்துத் தெருவில் மரவேலை செய்கிற ஓடாவியார் வந்து மேலே ஏறிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் இறங்கி, "பிள்ளை, இண்டைக்கு ராவைக்கு அம்மாவை இந்தப் பக்கம் படுக்க விடாதீங்கோ" என்றார். அன்றைக்கே முட்டும் கொடுத்துவிட்டுத்தான் போனார், கூலி வாங்க மாட்டேன் என்று நின்ற மனிதர்.

பாத்ரூம் கதை இன்னொன்று. மலக்குழி கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளியிருக்க வேண்டும் என்பதால் எங்கள் குழி வளவின் கடைசியில் இருக்கிறது, புதுப் பாத்ரூமிலிருந்து கிட்டத்தட்ட 40 அடி. நாலு அங்குலக் குழாய்க்கு 40 அடி ஓட்டத்தில் ஒரு அடி சரிவாவது கொடுப்பதுதான் வழக்கம். அப்படியென்றால் பாத்ரூம் தரையை உயர்த்த வேண்டும், அல்லது குழியைப் பதிக்க வேண்டும், இதை முதல் நாளே நீர்மட்டம் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பார்க்கவில்லை. ஹோலும் பாத்ரூமும் ஒரே மட்டத்தில் இருந்தால்தான் அழகு என்று குழாயைக் கிட்டத்தட்டப் படுக்கையாகவே புதைத்துவிட்டார்கள். மழைக்கு நிலத்தடி நீர் ஏறியவுடன் கழிவு திரும்பி வந்தது. குளிக்கிற தண்ணீர் மூலையில் உள்ள ஓட்டைக்குப் போகாமல் வாசலுக்கு வருகிறது, ஒரு வாளி ஊற்றிப் பார்த்தேன், வாசற்படியைத் தாண்டி ஹோல் டைல்ஸ் வரைக்கும் வந்து நின்றது.

அந்தப் பாத்ரூம் கதவைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை யாரும் யோசிப்பதில்லை. மூன்றரை அடி அகலத்தில் உள்ளே திறக்கிற கதவு போட்டிருக்கிறார். உள்ளே வயதான ஒருவர் வழுக்கி விழுந்தால் அவருடைய உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும், வெளியிலிருந்து தள்ளி எடுக்க முடியாது. ஒடுக்கமான இடத்தில் கதவு வெளியே திறக்க வேண்டும் அல்லது இழுவைக் கதவாக இருக்க வேண்டும். அம்மாவுக்காகத்தான் இந்தப் பாத்ரூம் என்று அந்த ஆளுக்கு நூறு முறை சொல்லியிருந்தோம். எனக்கு வேறெதையும் விட இதில்தான் கோபம்.

பான்ட்ரி கபேட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஈரம் தாங்காத எம்டிஎஃப் பலகை, சிங்குக்குக் கீழே ஊதிப் பொருமிவிட்டது. மூலை லாச்சி இரண்டு விரல் அளவுக்கு மேல் திறக்காது, பிரிட்ஜில் முட்டுகிறது.

பேசியது ஒன்பது லட்சம். பாதி முதலிலேயே, பிறகு சீமெந்து விலை, கம்பி விலை என்று துண்டு துண்டாக வாங்கி ஏழு லட்சத்துக்கு மேல் போய்விட்டது. பற்றுச்சீட்டுக் கேட்டால் "அக்கா, எங்களுக்குள்ள என்ன" என்று பேச்சை மாற்றிவிடுவார். வெடிப்பின் படத்தை அனுப்பிய அன்றோடு போன் எடுப்பதில்லை.

அத்தான் மூலமாக ஒரு எஞ்சினியர் வந்து பார்த்தார். அந்தச் சுவரை முழுக்க எடுக்கத் தேவையே இருக்கவில்லையாம். தீராந்திகள் இருக்கிற இடத்தை விட்டுவிட்டு, நடுவில் நாலடி வாசல் ஒன்று வெட்டி மேலே லின்டல் (வாசலுக்கு மேல் பாரம் தாங்கும் சின்ன பீம்) வைத்திருந்தாலே குசினிக்கு வழி கிடைத்திருக்கும். அவர் இதைச் சொல்ல அரை மணித்தியாலம்தான் எடுத்தது, இப்போது திருத்துவதற்கு கூரையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு அந்த பீமை எடுத்து, இரண்டு பக்கமும் தூண் எழுப்பி இரும்பு பீம் வைக்க வேண்டும்.

ஆகவே யாராவது சுவரை எடுக்கலாம் என்று சொன்னால் முதலில் ஏணி கொண்டுவந்து கொடுங்கள். ஏறிப் பார்க்காதவரிடம் வேலை கொடுக்க வேண்டாம். சுவர் உடைக்கிற வேலைக்கு எஞ்சினியர் ஒருவரின் கையெழுத்தோடு ஒரு தாள் கேளுங்கள், அந்தச் செலவு கூரைச் செலவோடு பார்க்கும்போது ஒன்றுமே இல்லை. பாத்ரூம் என்றால் தரை மட்டத்துக்கும் குழி மட்டத்துக்கும் வித்தியாசம் எவ்வளவு என்று கேளுங்கள், பதில் அங்குலக் கணக்கில் வரவேண்டும். ஒப்பந்தக்காரர் நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபையில் பதிவு செய்தவரா என்று பாருங்கள். சி1 முதல் சி9 வரை தரம் இருக்கிறது, சி9 சின்ன வேலைகளுக்கானது, ஆகவே வீட்டு வேலைக்கெல்லாம் பதிவு எதற்கு என்று சொன்னால் நம்பாதீர்கள். காசை வேலை முடிய முடியப் பிரித்துக் கொடுங்கள், முட்டுக் கழற்றும் நாளையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

ஏற்கனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம், ஆனால் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும், அதுவும் சேவை பெற்று மூன்று மாதத்துக்குள். இந்தக் கால எல்லை பலருக்குத் தெரியாது, ஆள் இன்று வருவார் நாளை வருவார் என்று பார்த்துக்கொண்டிருந்தே அது போய்விடும். மத்தியஸ்த சபைக்கும் போகலாம், சட்டத்தரணி தேவையில்லை. நாங்கள் இரண்டு இடத்திலும் கொடுத்திருக்கிறோம். வங்கியில் போட்ட காசின் சிட்டை, வட்சப் குரல் பதிவு, வேலை நடக்கும்போது எடுத்த படம் எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்திருங்கள், எங்களுக்கு இப்போது கையில் இருப்பது அவைதான்.

விசாரணை நடப்பதால் பெயரை இங்கே போடவில்லை. உங்கள் வீட்டில் யாராவது இப்படிச் சுவர் எடுக்கப் பேசிக்கொண்டிருந்தால், வேலை தொடங்க முதல் எங்கள் வீட்டுக்கு வந்து அந்த வெடிப்பையும் பீமையும் ஒரு தடவை நேரே பாருங்கள், பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு நான் வீட்டில்தான் இருப்பேன்.