உளவியலில் காலனிய நீக்கம்: பத்து வார இணைய வகுப்பு பற்றி ஒரு மதிப்புரை

மதுரை மாவட்டத்தில் மூன்று பள்ளிகளுக்கு உளவியல் ஆலோசகராக வேலை பார்க்கிறேன். ஆலோசகர்களுக்கும் சமூகப் பணியாளர்களுக்கும் என்று ஒரு தனியார் பயிற்சி நிறுவனம் நடத்திய 'உளவியலில் காலனிய நீக்கம்' (காலனி ஆட்சிக் காலத்தில் ஊறிய பார்வைகளை உளவியலிலிருந்து களைவது) என்ற இணைய வகுப்பில் இந்த ஆண்டு சேர்ந்து முடித்தேன். பத்து வாரங்கள், சனிக்கிழமைதோறும் இரண்டரை மணி நேரம், கட்டணம் 7,500 ரூபாய். இதே பொருளில் இப்போது பல இடங்களில் வகுப்புகள் நடக்கின்றன. அதனால் நிறுவனத்தின் பெயரை விட்டுவிட்டு, வகுப்பில் என்ன கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்பதை மட்டும் எழுதுகிறேன். பணம் கட்டுவதற்கு முன் எதையெல்லாம் விசாரிக்க வேண்டும் என்பது இதிலிருந்து தெரியவரும் என்று நம்புகிறேன்.

முதல் மூன்று வாரங்கள் வரலாறு. தப்பி ஓடும் அடிமைகளுக்கு ஒருவகை மனநோய் இருக்கிறது என்று சொல்லி, 1851-இல் அதற்கு ஒரு பெயரும் சூட்டிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கார்ட்ரைட்டிலிருந்து பாடம் தொடங்கியது. அப்போது பிரான்சின் காலனியாக இருந்த அல்ஜீரியாவில், முஸ்லிம்களின் மனம் வளர்ச்சி பெறாதது என்று மருத்துவ மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் கற்பித்த அந்துவான் பொரோ, ஆப்பிரிக்கரின் மனத்தை மூளையின் முன்பகுதி துண்டிக்கப்பட்ட ஐரோப்பியரின் மனத்தோடு ஒப்பிட்டு எழுதிய காலனிய மருத்துவர் கரோதர்ஸ் ஆகியோர் அடுத்து வந்தார்கள். கரோதர்ஸின் நூலை 1953-இல் வெளியிட்டது உலக சுகாதார நிறுவனம் என்பதைக் கேட்டு வகுப்பில் பலரும் அதிர்ந்தோம். இந்தியாவுக்கு ராஞ்சியை எடுத்துக்கொண்டார்கள். 1918-இல் ஐரோப்பியருக்கென்று தனியாக ஒரு மனநோய்க் காப்பகம் அங்கே தொடங்கப்பட்டதையும், அதன் கண்காணிப்பாளராக இருந்த பெர்க்லி-ஹில் இந்துக்களின் குணத்தையே ஒரு நோய்க்குறியாக விளக்கி, அடிமனத்தை ஆராயும் உளப்பகுப்பாய்வு முறையில் கட்டுரை எழுதியதையும் நான் இந்த வகுப்பில்தான் அறிந்தேன். தகவல்கள் சரியானவை, பாடம் நடத்திய இருவரும் பொறுமையானவர்கள். ஆனாலும் இந்தப் பகுதியை இரண்டு வாரங்களில் முடித்திருக்கலாம். அன்று தவறாகப் பேசியவர்களின் பட்டியல் நீள நீள, நாம் இன்று செய்துகொண்டிருக்கும் தவறு கண்ணில் படாமல் போகிறது.

கொடுத்த பணத்துக்கு ஈடு நான்காம், ஐந்தாம் வாரங்கள்தான். அவை ஃபிரான்ஸ் ஃபனானைப் பற்றியவை. 1925-இல் மார்த்தினிக் தீவில் பிறந்து, பிரான்சில் மனநல மருத்துவம் பயின்ற அவர், 1953-இல் அல்ஜீரியாவின் பிளிடா நகரத்து மனநல மருத்துவமனைக்கு வந்தார். நம்மில் பெரும்பாலோர் அவரை அரசியல் எழுத்தாளராகவே அறிவோம். இந்த வகுப்பு அவருடைய வார்டுக்குள் நம்மை அழைத்துச் சென்றது. அவர் பொறுப்பில் 165 ஐரோப்பியப் பெண்களும் 220 முஸ்லிம் ஆண்களும் இருந்தார்கள். விழாக்கள், திரைப்படம், நோயாளிகளே நடத்தும் செய்தித்தாள், கைவேலை, கூட்டம் என்று பிரான்சில் கற்றுவந்த குழுச் சிகிச்சை முறையை அவர் இரண்டு பிரிவுகளிலும் ஒன்றுபோலவே தொடங்கினார். பெண்களிடம் விரைவிலேயே மாற்றம் தெரிந்தது. ஆண்கள் பிரிவில் ஒன்றும் நடக்கவில்லை. யாரும் வாய் திறக்கவில்லை, கைவேலையில் யாருக்கும் நாட்டமில்லை.

அந்தத் தோல்வியைப் பிளிடாவின் மருத்துவர்கள் எப்படி எழுதினார்கள் என்பதைத்தான் நான்காம் வாரம் முழுக்கப் படித்தோம். 'இவர்கள் ஒத்துழைக்காத நோயாளிகள்' என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். பொரோவின் மாணவர்கள் அப்படித்தான் எழுதியிருப்பார்கள். ஃபனானும் அவரிடம் பயிற்சி பெற்ற ஜாக் அசுலாயும் 1954-இல் வெளியிட்ட கட்டுரையில், பிழை தங்களுடையதே என்று ஒப்புக்கொண்டார்கள். அந்த மனிதர்களின் வீடு, வேலை, வழிபாடு, பொழுதுபோக்கு எதையும் விசாரிக்காமல், ஐரோப்பிய வாழ்க்கை ஒன்றை அவர்கள் முன் வைத்து அதற்குள் வரச் சொன்னோம் என்று எழுதினார்கள். அதன்பின் மருத்துவமனைக்குள் ஊர் வழக்கப்படி ஒரு காப்பிக்கடை வந்தது. இஸ்லாமியப் பண்டிகைகள் கொண்டாடப்பட்டன. கதைசொல்லி ஒருவர் அழைத்துவரப்பட்டார். மொழியைப் பற்றியும் அந்தக் கட்டுரை பேசுகிறது. ஃபனானுக்கு அரபு தெரியாது, மொழிபெயர்ப்பாளர் வழியாகவே அவர் பேசினார். ஆனால் அல்ஜீரியர் ஒருவர் வாழ்க்கையில் மொழிபெயர்ப்பாளரைப் பார்ப்பது நீதிமன்றத்திலும் அரசு அலுவலகத்திலும்தான். அதே ஏற்பாடு மருத்துவரின் அறையிலும் இருந்தால், மருத்துவரும் விசாரணை அதிகாரியாகவே அவருக்குத் தெரிவார். இந்தக் குறிப்பை அடிக்கோடிட்டு வைத்தேன். வகுப்பின் பிற்பகுதியில் எனக்கு ஏற்பட்ட ஏமாற்றத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டு.

ஐந்தாம் வாரம் என்னை உலுக்கியது. படத்தைக் காட்டிக் கதை சொல்லச் சொல்லும் சோதனை நமக்கெல்லாம் பழக்கமானது. 1930-களில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உருவான அந்த அட்டைகளை, 1956-இல் ஃபனானும் ஷார்ல் ஜெரோனிமியும் பிளிடாவில் இருந்த முஸ்லிம் பெண்களிடம் காட்டினார்கள். அவர்கள் கதை சொல்லவில்லை. படத்தில் தெரிகிற பொருள்களை ஒவ்வொன்றாகச் சொன்னார்கள், தடுமாறினார்கள், நிறுத்திக்கொண்டார்கள். எதுவுமே வரையப்படாத வெற்று அட்டையைக் கொடுத்தபோது அதே பெண்களிடமிருந்து கதை வந்தது. கற்பனை அவர்களிடம் இருந்தது, படத்தில் இருந்த உலகம்தான் அவர்களுடையதாக இல்லை என்று மருத்துவர்கள் முடிவுக்கு வந்தார்கள்.

அந்த வரிசையின் முதல் அட்டையில் ஒரு சிறுவன் மேசை மேல் இருக்கும் வயலினைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். ஏழு ஆண்டுகளுக்கு முன் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனிடம் அதை நான் காட்டினேன். அவன் அட்டையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். "இது என்ன மிஸ், கிட்டாரா? ஒடஞ்சு போச்சா?" என்று கேட்டான். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. 'கற்பனை வளம் குறைவு, உணர்ச்சி வெளிப்பாடு மட்டு' என்று அறிக்கையில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சில நாள் கழித்துப் பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது அதே பையன், தங்கள் வீட்டு ஆடு நள்ளிரவில் குட்டி போட்ட கதையை, பெய்த மழை, அணைந்து அணைந்து எரிந்த டார்ச் லைட்டு, அவன் பாட்டி ஆட்டைத் திட்டிய திட்டு எல்லாவற்றோடும் எனக்குச் சொன்னான். நான் சிரித்துக்கொண்டே கேட்டேன். ஆனால் என் அறிக்கையைத் திருத்த வேண்டும் என்று அன்று எனக்குத் தோன்றவே இல்லை. பிளிடாப் பெண்களைப் பற்றிய பக்கங்களைப் படித்த இரவில்தான் அந்த அறிக்கை நினைவுக்கு வந்தது. அது பள்ளியின் கோப்பில் இன்னமும் இருக்கும். இந்த ஒரு வாரத்துக்காகவே ஆலோசகர்கள் இந்த வகுப்பில் சேரலாம் என்று சொல்வேன்.

ஆறாம் வாரம் நைஜீரியாவுக்குப் போனது. 1954-இல் அபியோகுட்டா நகரத்தை அடுத்த ஆரோவில், மருத்துவர் தாமஸ் லாம்போ நோயாளிகளைச் சுற்றுவட்டார ஊர்களில் குடும்பங்களோடு தங்கவைத்தார். ஒவ்வொருவருடனும் உறவினர் ஒருவர் இருப்பார். பகலில் மருத்துவமனையில் நவீன சிகிச்சை, மற்ற நேரமெல்லாம் ஊர் வாழ்க்கை. மரபு வைத்தியர்களின் துணையையும் அவர் பெற்றார். நல்ல பாடம், தேவையான அளவுக்கு இருந்தது.

ஏழாம் வாரத்தோடு எனக்கு உடன்பாடில்லை. விருந்தினராக வந்தவர் கோயில்களையும் தர்காக்களையும் 'நம் மண்ணின் மனநலக் கூடங்கள்' என்று நெகிழ்ந்து பேசினார். 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் விடியற்காலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நாடி வந்த மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த தனியார் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் உயிரிழந்ததைத் தமிழ்நாட்டில் இந்த வேலை பார்க்கும் எவரும் மறக்க முடியாது. தர்காவை நாடிப் போகும் குடும்பத்தின் நம்பிக்கையை நான் மதிக்கிறேன். அங்கே அவர்களுக்கு ஆறுதல் கிடைப்பதை நேரில் பார்த்திருக்கிறேன். ஆனால் சங்கிலி நம் ஊர்ச் சங்கிலி என்பதால் அது சிகிச்சையாகிவிடாது. வெள்ளையர் கொண்டுவந்த காப்பகத்தை எந்தக் கண்ணோடு ஆராய்கிறோமோ, அதே கண்ணோடு நம்முடையதையும் ஆராய வேண்டும். சாதியைப் பற்றியும் இதையேதான் சொல்வேன். நம் பிள்ளைகளின் மனத்தில் தாழ்வுணர்ச்சியை விதைத்தது வெள்ளையர் ஆட்சி மட்டும்தான் என்று சொல்லிவிட்டால், தனிக் குவளையில் தேநீர் வாங்கிக் குடித்தவர்களின் பேரப்பிள்ளைகள் முன்னால் நாம் தலைநிமிர்ந்து உட்கார முடியாது. ஏர்வாடியைப் பற்றி நான் கேட்ட கேள்விக்கு, 'அது நிர்வாகக் கோளாறு' என்ற ஒரு வரி மட்டுமே பதிலாக வந்தது.

எட்டாம் வாரத்தில் கல்கத்தாவின் கிரீந்திரசேகர் போஸைப் பற்றிப் பேசினார்கள். 1922-இல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவி, உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃபிராய்டுக்கு மறுப்பும் எழுதிய மனிதருக்கு அரை மணி நேரம் ஒதுக்கியது குறைவு.

பெரிய குறை ஒன்பதாம் வாரச் செயல்முறைப் பயிற்சியில் இருந்தது. இரண்டு இரண்டு பேராகப் பிரிந்து, ஒருவர் ஆலோசகராகவும் மற்றவர் உதவி தேடி வந்தவராகவும் பேசிப் பார்க்க வேண்டும். எனக்கு இணையாக வந்தவர் நெல்லையைச் சேர்ந்த சமூகப் பணியாளர். தான் சந்தித்த ஒரு பெண்மணியின் பேச்சை அவர் அப்படியே எடுத்துச் சொன்னார்: "நெஞ்சுல கல்லத் தூக்கி வச்ச மாதிரி இருக்கு மேடம், சோறு எறங்க மாட்டேங்குது." மதிப்பீட்டாளர்களுக்குத் தமிழ் தெரியாததால் ஆங்கிலத்தில் சொல்லும்படி கேட்டார்கள். ஆங்கிலத்தில் அது நெஞ்சில் அசௌகரியம், பசியின்மை என்று ஆனது. பிறகு பூஜ்யத்திலிருந்து பத்து வரை எத்தனை என்று கேட்டார்கள், ஏழு என்று பதிவானது. கல்லைத் 'தூக்கி வைத்த' மாதிரி என்று அந்தப் பெண்மணி சொல்லியிருக்கிறார். வைத்தது யார், எப்போதிலிருந்து இருக்கிறது, யாராவது கை கொடுத்தால் இறக்க முடியுமா என்றெல்லாம் கேட்கத் தமிழில் அந்த ஒரு சொல்லே இடம் கொடுக்கிறது. ஏழு என்ற எண்ணிடம் அப்படி எதுவும் கேட்க முடியாது. மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பேசியதன் விளைவைப் பிளிடா மருத்துவர்கள் எழுதியதை ஐந்து வாரங்களுக்கு முன் எங்களுக்குக் கற்பித்தவர்கள், தங்கள் பயிற்சியிலேயே அதைக் கைவிட்டது எனக்கு வருத்தமாக இருந்தது. நூறு பேருக்கும் குறையாத வகுப்பில் கால்வாசிப் பேராவது தமிழ் பேசுகிறவர்கள். ஒரு தமிழ்க் குழு வைத்திருக்க முடியும்.

எங்கள் வட்டாரத்து வரலாறு ஒன்றையும் வகுப்பில் எழுப்பிப் பார்த்தேன். சில சமூகங்களைப் பிறப்பிலேயே குற்றவாளிகளாக அறிவித்த, 1871-இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தை மக்கள் ரேகைச் சட்டம் என்றே சொன்னார்கள். 1911-க்குப் பிறகு சென்னை மாகாணத்தில் அது பிரமலைக் கள்ளர்கள் மீது பாய்ந்தது. வயதுவந்த ஆண்கள் கைரேகை பதிய வேண்டும், இரவில் சொன்ன இடத்தில் வந்து படுக்க வேண்டும், வெளியூர் போக ராத்திரிச் சீட்டு வாங்க வேண்டும். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மாயக்காள் என்ற பெண் உள்ளிட்ட 16 பேர் இறந்தார்கள். சென்னை மாகாணத்தில் 1947-இல்தான் சட்டம் நீங்கியது.

சில ஆண்டுகளுக்கு முன் மாணவி ஒருத்தியின் பாட்டியிடம், ஆலோசனைக்கான ஒப்புதல் படிவத்தை நீட்டி, மை தடவும் பெட்டியைத் திறந்து வைத்தேன். அதுவரை என்னோடு நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். "ரேகையெல்லாம் வைக்க மாட்டேன் தாயி. பிள்ளைய வேணா கூட்டிட்டுப் போறேன்" என்றார். அந்தச் சட்டம்தான் காரணம் என்று நான் அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன், அவரும் சொல்லவில்லை. ஆனால் அந்த வரலாறு தெரியாத ஆலோசகர் 'குடும்பத்தினர் ஒத்துழைக்கவில்லை' என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவார். காலனியம் மனத்தில் விட்டுச்சென்றது என்ன என்று கற்பிக்கும் வகுப்பு, இதை ஐந்து நிமிடமாவது பேசியிருக்க வேண்டும். 'அருமையான எடுத்துக்காட்டு, நேரம் கிடைத்தால் பிறகு பார்ப்போம்' என்றார்கள். நேரம் கிடைக்கவில்லை.

பத்தாம் வாரம் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் தேர்வும் சான்றிதழும். அவற்றால் பெரிய பயன் எதுவும் இல்லை. வாசிப்புக்காகக் கொடுத்த கட்டுரைத் தொகுப்பு நன்றாக இருக்கிறது, ஆனால் முழுவதும் ஆங்கிலத்தில் இருக்கிறது.

ஐந்தாண்டுக்கு மேல் களத்தில் இருப்பவர்கள் சேரலாம். தங்கள் பழைய அறிக்கைகளை எடுத்து வைத்துக்கொண்டு படிக்க அவர்களுக்கு இது உதவும். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு, மேற்பார்வையோடு கூடிய பயிற்சி இதில் இல்லை என்பதால், இப்போதைக்குப் பரிந்துரைக்க மாட்டேன். எங்கே சேர்வதாக இருந்தாலும் மூன்றை விசாரித்துக்கொள்ளுங்கள்: பயிற்சி எந்த மொழியில் நடக்கும், மதிப்பிடுகிறவர்களுக்கு அந்த மொழி தெரியுமா, உங்கள் மாவட்டத்து வரலாற்றைக் கொண்டுவந்தால் அதற்கு வகுப்பில் இடம் உண்டா. வகுப்பின் முடிவில் கருத்துப் படிவத்தில் இவற்றையெல்லாம் தமிழிலேயே எழுதி அனுப்பினேன். அடுத்த அணிக்குத் தமிழ்ப் பயிற்சிக் குழு ஒன்று வைப்பது பற்றி யோசிப்பதாகப் பதில் வந்திருக்கிறது. அது நடந்தால் ஒன்பதாம் வாரத்தை மட்டும் மறுபடி படிக்கச் சேர்ந்துகொள்வேன். இப்போதைக்கு, ஒப்புதல் படிவத்தோடு மைப் பெட்டியை எடுத்துப் போவதை நிறுத்தியிருக்கிறேன். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் வாயால் சொல்லும் ஒப்புதலை, அவர்கள் நம்பும் ஒருவர் முன்னிலையில், அவர்களுடைய சொற்களிலேயே எழுதிப் படித்துக் காட்டுகிறேன்.