கோர்ப்பா கோல்ஃப் மைதானம், ரெய்க்யவிக்: சிறு நாடுகள் மோதிய புல்வெளியில் ஒரு மாலை

ஐரோப்பியச் சிறு நாடுகளின் விளையாட்டுப் போட்டி 2015 ஜூன் முதல் வாரத்தில் ஐஸ்லாந்துத் தலைநகர் ரெய்க்யவிக்கில் நடைபெற்றபோது, அதன் கோல்ஃப் பிரிவுக்கு இடம் கொடுத்தது ரெய்க்யவிக் கோல்ஃப் கிளப்பின் கோர்ப்பா மைதானம். பத்து லட்சத்துக்கும் குறைவான மக்கள்தொகை கொண்ட நாடுகளுக்கென 1985-இல் சான் மரினோவில் தொடங்கப்பட்ட இப்போட்டியைப் பல ஆண்டுகளாக ஆர்வத்துடன் கவனித்து வருபவன் என்ற முறையில், அந்த மைதானத்தில் ஒருமுறையேனும் ஆடிப் பார்க்க வேண்டும் என்ற விருப்பம் எனக்கு நெடுநாளாக இருந்தது. போட்டி முடிந்து சில ஆண்டுகள் கழித்து, ஒரு ஜூன் மாத மாலையில் அது நிறைவேறியது.

கோர்ப்பாவில் மொத்தம் 27 ஹோல்கள், அதாவது பந்தைக் குழியில் விழச்செய்யும் தனித்தனி ஆட்டப்பகுதிகள், உள்ளன. ஒன்பது ஒன்பதாகப் பிரிக்கப்பட்ட மூன்று சுற்றுகளுக்கும் ஐஸ்லாந்து மொழியில் கடல், ஆறு, நிலம் என்று பொருள்படும் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். இவற்றில் எந்த இரண்டைச் சேர்த்தாலும் 18 ஹோல் கொண்ட முழு ஆட்டம் கிடைத்துவிடும். பெயருக்கும் தரைக்கும் பொருத்தம் இருக்கிறது என்பதை நடந்து பார்த்தவர் உணர்வார். ஆற்றுச் சுற்றில் சால்மன் மீன் ஏறி வரும் கோர்ப்பா ஆறு கூடவே ஓடுகிறது. கடல் சுற்றில் விரிகுடாவுக்கு அப்பால் 914 மீட்டர் உயர எஸ்யா மலை கண்ணெதிரே நிற்கிறது.

காற்றை மறைக்கும் அளவுக்கு உயர்ந்த மரங்கள் பெரிதாக இல்லாததால், இந்த மைதானத்தின் உண்மையான சோதனை பங்கர்கள் எனப்படும் மணற்குழிகளில் இல்லை, காற்றில்தான் இருக்கிறது. வழக்கமாக 9-ஆம் எண் அயர்ன் மட்டையில் எட்டிவிடக்கூடிய தொலைவுக்கு, எதிர்காற்று வீசிய கடலோர ஹோல் ஒன்றில், பந்தை இன்னும் தொலைவுக்கு அனுப்பும் 6-ஆம் எண் அயர்னை எடுத்தேன். அப்போதும் பந்து, குழியைச் சுற்றியுள்ள குறும்புல் பரப்பான கிரீனுக்கு நான்கு அடி முன்பே விழுந்தது. திரும்பி வரும் ஹோலில் அதே காற்று முதுகுப்பக்கம் இருந்ததால், மெதுவாக அடித்த பந்துகூடக் கிரீனைத் தாண்டி உருண்டு, ஊதா நிறத்தில் பூத்திருந்த லூபின் செடிகளுக்குள் புகுந்தது. அதைத் தேடிக் குனிந்தபோது ஆர்க்டிக் ஆலா என்ற கடற்பறவை ஒன்று கீச்சென்று கத்திக்கொண்டு என் தலையை நோக்கிப் பாய்ந்தது. உடன் ஆடிய உள்ளூர்ப் பெரியவர் ஒன்றும் சொல்லாமல் தம் கோல்ஃப் மட்டையைச் செங்குத்தாகத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக் காட்டினார். ஆலா எப்போதும் உயரமாக இருப்பதையே தாக்கும் என்பதால், கூட்டருகே நடப்பவர்கள் இப்படித் தலையைக் காத்துக்கொள்வார்களாம். நானும் அவ்வாறே செய்தேன். பறவை மட்டையின் நுனியையே சுற்றி வந்தது.

இப்போட்டியில் பங்கேற்கும் நாடுகள் பலவற்றில் கோல்ஃபுக்கு இடம் குறைவு. மொனாக்கோவின் மாண்டி கார்லோ பகுதியின் பெயரைத் தாங்கிய கோல்ஃப் கிளப் பிரான்ஸ் மண்ணில், மோன் அழெல் மலை மீது அமைந்திருக்கிறது. மால்டாவில் 18 ஹோல் கொண்ட மைதானம் மார்சாவில் உள்ள ஒன்றே. அத்தகைய நாடுகள் கூடும் போட்டியில், 60-க்கும் மேற்பட்ட மைதானங்களைக் கொண்ட ஐஸ்லாந்து, தன் மக்கள் அன்றாடம் ஆடும் ஒரு மைதானத்தையே களமாகத் தந்தது மிகப் பொருத்தமான தேர்வு என்பது என் கருத்து. பன்னாட்டு வீரர்கள் நின்ற டீயில், அதாவது முதல் அடி அடிக்கும் இடத்தில், நானும் நின்றேன். எனக்குப் பின்னால் பள்ளிச் சிறுமியர் இருவர் தம் முறைக்காகக் காத்திருந்தார்கள். 1934-இல் தொடங்கிய இந்தக் கிளப்பிலிருந்துதான் அமெரிக்காவின் தொழில்முறை மகளிர் கோல்ஃப் தொடரான எல்.பி.ஜி.ஏ.-வில் ஆடிய முதல் ஐஸ்லாந்துக்காரரான ஒலாஃபியா தோருன் கிறிஸ்டின்ஸ்டோட்டிரும், 2018-இல் கார்னூஸ்டியில் நடந்த பிரிட்டிஷ் ஓபனில் ஆடிய ஹாரல்டுர் ஃப்ராங்க்லின் மாக்னுஸும் வந்தார்கள். அடிப்பதற்கு முன் மட்டையைப் பின்னால் இழுக்கும்போது அந்தச் சிறுமியரிடம் இருந்த நிதானத்தைக் கண்டபோது, அத்தகைய வீரர்கள் இங்கிருந்து வந்தது எனக்கு வியப்பாகவே தோன்றவில்லை.

கிளப் கட்டடத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். டென்மார்க்கிலிருந்து சிறுவனாக வந்து பெருவணிகராக உயர்ந்த தோர் யென்சன், 1920-களில் பெரும் பால் பண்ணைக்காக எழுப்பிய கோர்ப்புல்ஃப்ஸ்டாதிர் மாளிகை அது. பல முகடுகள் கொண்ட அந்த நீண்ட கான்கிரீட் கட்டடத்தில் இன்று ஓவியர்களின் பணியறைகளும் இருக்கின்றன. ஆட்டம் முடிந்து, விரல்கள் விறைத்த நிலையில் உள்ளே சென்று, கிழங்கும் காரட்டும் மிதக்கும் சூடான ஆட்டிறைச்சி சூப்பைக் குடித்தேன். உப்பு சற்றுக் கூடுதலாக இருந்தாலும் அந்த நேரத்துக்கு அது அமுதமாகவே இருந்தது.

இங்கு ஆடும் பருவம் குறுகியது. மே முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களே நம்பத்தக்கவை. ஜூனில் சூரியன் நள்ளிரவை ஒட்டியே மறைவதால், மாலை ஏழு மணிக்குத் தொடங்கினாலும் 18 ஹோலையும் வெளிச்சத்திலேயே முடித்துவிடலாம். ஒருமுறை மட்டும் ஆட வாய்ப்புள்ளவர்கள் கடலையும் ஆற்றையும் சேர்த்து எடுத்துக்கொள்வது நல்லது. காற்றுப் புகாத மேலாடையும், கைவசம் இருப்பதைவிட இரண்டு மடங்கு பந்துகளும் கட்டாயம் வேண்டும்.