உறக்கமும் வாக்குமூலமும்: ஓர் இணையவழிப் பயிற்சி வகுப்பின் மதிப்பீடு

காவல்துறையினர், வழக்கறிஞர்கள், நீதிபதிகள் ஆகியோருக்காக உறக்கமின்மை பற்றி நடத்தப்படும் நான்கு வார இணையவழி வகுப்பு ஒன்றை அண்மையில் முடித்தேன். குற்றஞ்சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடும் என் போன்றோர் விசாரணை அறையைப் பற்றிய இரண்டாம் வாரத்துக்காகவே இதில் சேரலாம்.

அந்த வாரத்தின் மையம் அமெரிக்காவில் 88 பேரைக் கொண்டு நடத்தி 2016-இல் வெளியிட்ட ஆய்வு. கணினியில் அழுத்தக் கூடாத விசையை அழுத்தியதாகப் பொய்யாக எழுதிய அறிக்கையில் கையெழுத்திடுமாறு ஒரே ஒரு முறை கேட்டதற்கே, இரவு உறங்கியவர்களில் 18 விழுக்காட்டினரும் விடிய விடிய விழித்திருந்தவர்களில் 50 விழுக்காட்டினரும் கையெழுத்திட்டனர். அடி இல்லை, மிரட்டல் இல்லை. ஓர் இரவுத் தூக்கம் போனதே போதுமானதாக இருந்தது.

இதையொட்டிய பயிற்சி, திரையில் எண்கள் ஓடத் தொடங்கியதும் பொத்தானை அழுத்த வேண்டிய பத்து நிமிடக் கவனச் சோதனை. அரை நொடியைத் தாண்டினால் அது கவனப் பிசகு. நன்றாக உறங்கி எழுந்த நாளில் எனக்கு ஒரு பிசகும் இல்லை. வாதுரை எழுதி இரண்டு மணிக்குப் படுத்த மறுநாளோ, ஏழாவது நிமிடத்தில் எண் 812 மில்லிநொடியில் நின்றபோதுதான், கண் திறந்திருந்தும் நான் பார்க்கவில்லை என்பது புரிந்தது. அன்று முற்பகல் ஒரு சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யவிருந்தவன் நான்.

நீதிபதிகளைப் பற்றிய மூன்றாம் வாரம் ஏமாற்றம் தந்தது. கைதிகளைத் தண்டனை முடியும் முன்பே விடுவிக்கலாமா என முடிவெடுக்கும் இஸ்ரேலின் முன்விடுதலைக் குழுக்களைப் பற்றிய 2011 ஆய்வில், அமர்வின் தொடக்கத்தில் சுமார் 65 விழுக்காடாக இருந்த சாதகமான முடிவுகள் இடைவேளை நெருங்கும்போது ஏறக்குறைய இல்லாமலே போயின. வழக்கறிஞர் இல்லாத கைதிகளின் மனுக்கள் பெரும்பாலும் அமர்வின் கடைசியில்தான் எடுக்கப்பட்டன, எனவே அந்தச் சரிவுக்குக் களைப்பே காரணம் என்று சொல்ல முடியாது என்ற மறுப்பு அதே ஆண்டு, அதே இதழில் வெளிவந்தது. வகுப்பை நடத்திய ஆசிரியர் அதைச் சொல்லவே இல்லை. இத்தகைய சான்றை நீதிமன்றத்தில் எடுத்துவைத்தால், எதிர்த்தரப்பு அதை உடைக்கும்போது வலுவான வாக்குமூல ஆய்வும் சேர்ந்து நம்பகத்தன்மையை இழக்கும். எழுதிக் கேட்டதற்கு, அடுத்த முறை சேர்ப்பதாகப் பதில் வந்தது.

இறுதி வாரத்தில் ஒரு படிவம் தருகிறார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் காவலில் இருப்பவருக்கு 24 மணி நேரத்தில் பொதுவாக 8 மணி நேரத் தொடர் ஓய்வு தர வேண்டும் என்ற விதியை விளக்கிய பிறகு வரும் இப்படிவத்தில், விசாரிக்கப்படுபவர் கடைசியாக எப்போது, எவ்வளவு நேரம் உறங்கினார் என்பதற்குக் கட்டங்கள் உள்ளன. விசாரித்த அதிகாரி எத்தனை மணி நேரமாகப் பணியில் இருந்தார் என்பதற்கு இடமில்லை. என் படியில் அதை நானே கையால் வரைந்து சேர்த்துக்கொண்டேன்.