நவோஷிமா தீவு சிச்சு மியூசியம்: அம்மாவோட ஒரு நாள்

ஜூன் லீவுக்கு ஜப்பான் போனப்ப நவோஷிமா தீவுல இருக்கிற சிச்சு ஆர்ட் மியூசியத்துக்கு அம்மாவையும் கூட்டிட்டுப் போனேன். அம்மாவுக்கு மியூசியம்னா நம்ம சிங்கப்பூர் நேஷனல் கேலரி மாதிரி பெரிய தூணு, ஏசி, பக்கத்துலயே எம்ஆர்டி ரயில். இங்க ஒகாயாமால ரயிலேறி, ஊனோ துறைமுகத்துலருந்து 20 நிமிஷம் ஃபெர்ரி, அப்புறம் பஸ், அப்புறம் நடை, வழியெல்லாம் "கட்டடம் எங்கடா"ன்னு கேட்டுட்டே வந்தாங்க. கேட்டதும் நியாயம்தான், ஜப்பான் கட்டடக் கலைஞர் தடாவோ ஆண்டோ அதை மலைக்குள்ள புதைச்சுல்ல கட்டியிருக்காரு, 2004ல திறந்தது, வெளியேருந்து பார்த்தா மரமும் கடலும்தான்.

உள்ள மொத்தமே மூணு பேரோட படைப்புதான். பிரெஞ்சு ஓவியர் மோனேவோட அல்லிக்குளம் ஓவியம் 5 இருக்கிற ரூமுக்கு ஷூவைக் கழட்டிட்டு அங்க தர்ற செருப்பு போட்டுக்கணும். தரை முழுக்க சக்கரைக்கட்டி சைஸ்ல வெள்ளை மார்பிள், நடந்தா பாதத்துல லேசா தெரியுது. லைட்டே கிடையாது, கூரைலருந்து இறங்குற வெளிச்சம் மட்டும்தான். நாங்க நின்னப்ப மேல மேகம் வந்துச்சு போல, பெரிய படத்துல இருந்த நீலம் அப்படியே கருத்துப் போயி கொஞ்ச நேரத்துல திரும்ப வெளுத்துச்சு. அம்மா நகரவே இல்ல. "இன்னொரு மேகம் வரட்டும், இரு"ன்னாங்க. நம்ம ஊரு ஈசூன்ல லிஃப்ட் ரெண்டு நிமிஷம் லேட்டானா திட்டுறவங்க!

வெளிச்சத்தை வச்சே படைக்கிற அமெரிக்கக் கலைஞர் ஜேம்ஸ் டரெல் ரூம்ல படியேறி ஒரு நீலச் சுவருக்குள்ள போகச் சொல்றாங்க, "செவுத்துல முட்டிக்கவா"ன்னு அம்மா என் கையைப் புடிச்சுக்கிட்டாங்க, கிட்டப் போனா அது சுவரே இல்ல, உள்ள வெறும் வெளிச்சம். மூணாவது ஆளு, அமெரிக்கச் சிற்பி வால்டர் டி மரியாவோட 2.2 மீட்டர் கிரானைட் உருண்டையும் இருக்கு, எனக்கு அவ்ளோ ஒட்டல.

உள்ள ஃபோட்டோ எடுக்கக் கூடாது, எனக்கு அதுவே நிம்மதியா இருந்துச்சு. ஃபோட்டோ வேணும்னா அதே தீவுல ஜப்பான் கலைஞர் குசாமாவோட மஞ்சப் பூசணிக்காய் சிற்பம் இருக்கு, 2021 புயல்ல கடல் அடிச்சிட்டுப் போயி 2022ல திரும்ப வச்சது, அங்க க்யூ நின்னுக்கலாம்.

டிக்கெட்டுக்கு ஆன்லைன்ல முன்னாடியே நேரம் குறிச்சுக்கணும், நான் கிளம்பறதுக்கு முந்தின ராத்திரிதான் பார்த்தேன், ஏதோ அதிர்ஷ்டம் கிடைச்சிருச்சு. திங்கக்கிழமை போட்டுறாதீங்க, பெரும்பாலும் லீவு. சைவம் சாப்பிடறவங்க கையில எதாவது கட்டிக்கிட்டுப் போங்க, நாங்க ஃபெர்ரில உக்காந்து புளிச்சோறு சாப்பிட்டோம்.