‘நரம்பு ஊசி’ தொகுப்புக்குப் பணம் கட்டும் முன்: தானாக அசையும் வாய்க்குச் சிகிச்சை தேடுவோருக்கு ஓர் எச்சரிக்கை

நீண்ட காலம் ஒரு மருந்தை உட்கொண்டதன் விளைவாக வாய், நாக்கு, தாடை ஆகியவை தம் போக்கில் அசையத் தொடங்கும் ‘டார்டிவ் டிஸ்கினீசியா’ என்ற நோயைப் பூரணமாகக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்துவரும் ஒரு தனியார் நரம்பு சிகிச்சை மையத்தில் என் அம்மாவுக்கு நேர்ந்ததை, அதே நிலையில் வீட்டுப் பெரியவர்களை அழைத்துக்கொண்டு அலைபவர்களுக்காக எழுதுகிறேன். புகார் நிலுவையில் இருப்பதால் மையத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. அவர்கள் கையாளும் முறையைத் தெரிந்துகொண்டால், எந்தப் பெயர்ப்பலகையின் கீழ் அது நடந்தாலும் அடையாளம் கண்டுவிடலாம்.

அம்மா எழுபதைக் கடந்தவர். சர்க்கரை நோயும் உண்டு. சாப்பிட்டவுடன் வயிறு உப்புசம், நெஞ்செரிச்சல் என்று சென்றபோது உள்ளூர் மருத்துவர் ஒருவர், காலையில் வெறும் வயிற்றில் போடும்படி ஒரு கேப்சூலை எழுதிக்கொடுத்தார். எவ்வளவு நாளைக்கு என்று அந்தச் சீட்டில் இல்லை. அதன் பிறகு காலி அட்டையைக் காட்டினாலே மருந்துக்கடையில் புதிய அட்டை கிடைத்தது. வருடக்கணக்கில் அப்படியே ஓடியது. அந்த அட்டையின் பின்புறத்தில், சிறிய எழுத்தில், இரண்டு மருந்துகளின் பெயர்கள் இருக்கின்றன: ராபெப்ரசோல் 20 மி.கி., லெவோசல்பிரைடு 75 மி.கி. முன்னது அமிலச் சுரப்பைக் குறைப்பது. பின்னது மூளையில் டோபமின் என்னும் வேதிப்பொருள் வந்து சேரும் ஏற்பிகளை அடைப்பது. மனநோய்க்குத் தரப்படும் மருந்துகளோடு உறவுடையது. நம் ஊரில் ‘கேஸ் மாத்திரை’ என்ற பொதுப்பெயரில் இது வீட்டுக்கு வீடு புழங்குகிறது.

நாளடைவில் அம்மா வெறும் வாயை மெல்லத் தொடங்கினார். உதடுகள் குவிந்து விரியும். நாக்கு நுனி வெளியே எட்டிப் பார்த்து உள்ளே போகும். தூங்கிவிட்டால் எல்லாம் நின்றுவிடும். அவருக்கே அது தெரியவில்லை, விருந்துக்கு வந்த உறவினர்கள்தான் கேட்டார்கள். பல்செட் சரியில்லை என்று அதை மாற்றியும் பயனில்லாமல் போனபின், கைப்பேசியில் அடிக்கடி வந்த விளம்பரத்தைப் பார்த்து அந்த மையத்துக்குச் சென்றோம்.

அங்கே எங்களை முதலில் சந்தித்தவர் மருத்துவர் அல்லர். ‘ஆலோசகர்’ என்று அறிமுகமானவர். “அம்மாவை எங்ககிட்ட விட்டுடுங்க சார், நரம்பெல்லாம் புதுசாயிடும்” என்றார். அம்மா என்னென்ன மருந்துகள் உட்கொள்கிறார் என்று அவரும் கேட்கவில்லை, பிறகு இரண்டு நிமிடம் வந்து பார்த்த மருத்துவரும் கேட்கவில்லை. ‘நரம்பு ஊசி’ என்ற சிகிச்சைத் தொகுப்புக்கான முழுத் தொகையையும் முன்பணமாக வாங்கிக்கொண்டு, வைட்டமின் கலந்த டிரிப், தாடையில் மின்தூண்டல், ‘நடுக்கத்துக்கு’ என்று ட்ரைஹெக்ஸிஃபெனிடில் மாத்திரை ஆகியவற்றைத் தொடங்கினார்கள். டிரிப் ஏறும்போது அம்மாவுக்குக் குமட்டல் வந்தது. ஒவ்வொரு முறையும் ஓர் ஊசியைச் சேர்த்துப் போட்டார்கள். குப்பைக் கூடையில் கிடந்த 2 மி.லி. குப்பியை எடுத்துப் படித்தபோது அதில் மெட்டோகுளோபிரமைடு என்றிருந்தது.

வாந்தியை நிறுத்தும் இந்த மருந்தும் டோபமின் ஏற்பிகளை அடைப்பதுதான். அம்மாவுக்கு வந்திருக்கும் நோயையே இது உண்டாக்கக்கூடும் என்பதால், 12 வாரங்களுக்கு மேல் தொடரக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2009இல் இதற்குக் கட்டமிட்ட எச்சரிக்கையை (மருந்தின் தகவல்தாளில் கட்டத்துக்குள் அச்சிடப்படும் கடுமையான எச்சரிக்கை) விதித்தது. ஐரோப்பிய மருந்து முகமை 2013இல் ஐந்து நாட்களோடு நிறுத்தச் சொன்னது. ட்ரைஹெக்ஸிஃபெனிடிலோ, மருந்தால் வரும் கை நடுக்கத்துக்கும் திடீர்த் தசை இறுக்கத்துக்கும் உதவுவது. இந்த வாய் அசைவைப் பெரும்பாலும் அது மோசமாக்கும். முதியவர்களுக்கு மனக்குழப்பத்தையும் தரும். அம்மா இரவில், இறந்துபோன தன் தங்கையைக் கூப்பிட ஆரம்பித்தது அந்த மாத்திரைக்குப் பிறகுதான்.

இதில் ஏமாற்று எங்கே இருக்கிறது என்றால், தொடக்கத்தில் அசைவு உண்மையாகவே குறைந்தது. ஏற்பிகள் நெடுங்காலம் அடைபட்டுக் கிடந்ததால் அளவுக்கு மீறிய கூருணர்வு பெற்றுவிடுகின்றன என்பதே இந்நோய்க்குப் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். ஆகவே அதே வகை மருந்தை இன்னும் கூட்டினால் அசைவு சிறிது காலம் அடங்கும், அடியில் நோய் வளரும். அடங்கியிருந்த அந்த நேரத்தில் அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்துக் காணொளி எடுத்துக்கொண்டு, அடுத்த தொகுப்புக்குப் பணம் கட்டச் சொன்னார்கள். ஊசி நின்ற பின் அசைவு முன்னிலும் பலமாகத் திரும்பியது. பேச்சு குழறியது, சோறு வாயிலிருந்து சிந்தியது. அதற்கு அவர்கள் சொன்ன பதில், “கழிவு வெளியேறுது, அப்படித்தான் இருக்கும்.”

பிறகு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றின் நரம்பியல் புறநோயாளிப் பிரிவில் காட்டினோம். காத்திருக்கத்தான் வேண்டியிருந்தது. ஆனால் அங்கிருந்த மருத்துவர் முதலில் கேட்டதே மருந்துப் பையைத்தான். எல்லா அட்டைகளையும் மேசையில் கொட்டச் சொல்லி, கேப்சூல் அட்டையைத் திருப்பிப் பார்த்தவுடன் பேனாவால் லெவோசல்பிரைடு என்ற சொல்லை வட்டமிட்டார். அம்மாவின் பல்செட்டைக் கழற்றி, வாயைத் திறக்கச் சொன்னார், கட்டைவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொடச் சொன்னார், நடக்கவைத்தார். முகம், உதடு, தாடை, நாக்கு, கைகால், உடம்பு என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் எழுதினார். அடுத்த முறை கூடியதா குறைந்ததா என்று ஒப்பிடுவதற்கு இந்த எண்கள்தான் ஆதாரம். மையத்தில் காணொளியைத் தவிர எந்த அளவீடும் இல்லை.

கேப்சூல் நிறுத்தப்பட்டது, அமிலத்துக்கு ராபெப்ரசோல் மட்டும் தரப்பட்டது. ட்ரைஹெக்ஸிஃபெனிடிலைப் படிப்படியாகக் குறைத்தார்கள். சில வாரங்கள் கழித்து டெட்ராபெனசின் 12.5 மி.கி. மாத்திரையைத் தொடங்கி, மெதுவாகக் கூட்டினார்கள். நரம்பு முனைகளில் டோபமினைச் சேமித்து வைக்கும் வேலையைக் குறைப்பது இதன் தன்மை. மனச்சோர்வு, தற்கொலை எண்ணம், உறக்கக் கலக்கம், உடல் இறுக்கம் ஆகியவை வரலாம் என்பதால் வீட்டார் கவனிக்க வேண்டியவற்றைத் தாளில் எழுதிக் கொடுத்தார்கள். இதே வழியில் செயல்படும் வால்பெனசின், டியூடெட்ராபெனசின் இரண்டும் இந்நோய்க்கு 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றவை. முழுவதும் போய்விடும் என்று அந்த மருத்துவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. சிலருக்கு மருந்தை நிறுத்தியபின் மாதக்கணக்கில் தணியும், சிலருக்கு நிலைத்துவிடும் என்றார். அம்மாவுக்கு இப்போது பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது; சோறு சிந்துவதில்லை.

மனநலச் சிகிச்சைக்காக டோபமின் ஏற்பிகளை அடைக்கும் மருந்துகளை உட்கொள்பவர்கள் இதைப் படித்துவிட்டு மாத்திரையை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் அசைவும் கூடலாம், பழைய நோயும் திரும்பலாம். அளவைக் குறைப்பதா, குவெட்டியபின் அல்லது குளோசபின் போன்ற வேறொரு மனநோய் மருந்துக்கு மாற்றுவதா என்பதை மனநல மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

மையத்தினர் பணத்தைத் திருப்பித் தர மறுத்தார்கள். சிகிச்சைப் பதிவேடுகளையும் தரவில்லை. எழுத்துமூலம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவேடுகளைத் தர வேண்டும் என்பது இந்திய மருத்துவக் குழுமத்தின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதி. அதைச் சுட்டிக்காட்டிப் பதிவுத் தபால் அனுப்பிய பிறகே நகல் வந்தது, அதிலும் மெட்டோகுளோபிரமைடு ஊசி பற்றிய பக்கம் இல்லை. ரசீதுகளையும் குப்பியின் புகைப்படத்தையும் இணைத்து மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். இதற்கு இரண்டு ஆண்டு காலவரம்பு உண்டு. நரம்பு மண்டலக் கோளாறுகளைக் குணப்படுத்துவதாக மருந்துகளை விளம்பரம் செய்வதைத் தடுக்கும் 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்த் தனி மனு ஒன்றும் போயிருக்கிறது. கேப்சூலால் வந்த பக்கவிளைவை 1800-180-3024 என்ற தேசிய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண்ணில் நோயாளியின் குடும்பத்தாரே தெரிவிக்கலாம்.

அம்மாவை வைத்து எடுத்த அந்தக் காணொளி, ‘எங்கள் சிகிச்சையில் குணமடைந்தவர்’ என்ற தலைப்போடு மையத்தின் விளம்பரத்தில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை நீக்க உத்தரவிட வேண்டும் என்பதையும் எங்கள் கோரிக்கைகளில் சேர்த்திருக்கிறோம்.